நொய்யல்: வற்றாத ஆறா, குளங்களுக்காக ஓடிய ஆறா?

ஆலாந்துறைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா மலையில நல்ல மழை. நேத்துச் சாயங்காலம் சித்திரைச்சாவடி அணைக்கட்டுல போய் நின்னேன். செந்தண்ணி கல்லுக்கட்டைத் தாண்டி விழுகிற சத்தம் தூரத்துக்கே கேக்குது. நுரை இல்லை, நாத்தம் இல்லை. தென்னமட்டை, மூங்கில் தூரு, பேர் தெரியாத காட்டுக் காயெல்லாம் உருண்டு வருது. இதே தண்ணி ஊருக்குள்ள போய்த் திருப்பூர் தாண்டுறதுக்குள்ள என்ன கதி ஆகுதுன்னு நெனச்சா வயிறு எரியுது.

எங்க அப்பத்தா சொல்லும், "நொய்யல் வத்தி நான் பார்த்ததே இல்ல சாமி"ன்னு. வெள்ளியங்கிரி அடிவாரத்துல பொறந்து, கோவை, சூலூர், திருப்பூர் வழியாப் போய்க் கரூர் மாவட்டத்துல காவேரியில சேருற ஆறு இது. நீளம் ஒரு புத்தகத்துல 160 கிலோமீட்டர், இன்னொண்ணுல 180. எந்த ஓடையை மூலமா வச்சு அளக்குறாங்கங்கிறதைப் பொறுத்து மாறும் போல. எப்படிப் பார்த்தாலும் சின்ன ஆறுதான். இதை மறுபடியும் வருசம் பூரா ஓடுற ஜீவநதியாக்க முடியாதா? கரையோரம் இருக்கிற ஒவ்வொருத்தரும் உங்க ஊர்ல ஆறு எப்படி இருந்துச்சு, எப்படி இருக்குன்னு எழுதுங்க. ஒரு இடத்துல சேர்த்து வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

கீழ்மடை எழுதியது:

தம்பி, நல்ல காரியம் ஆரம்பிச்சிருக்கீங்க. ஆனா முதல் வரியிலேயே ஒண்ணு சொல்லிடணும். உங்க அப்பத்தா சொன்னது உங்க ஊருக்குச் சரி. அடிவாரத்துல சோலைக்காட்டு ஊத்து எப்பவும் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். எங்க பக்கம் அப்படி இல்லீங்க. நான் திருப்பூர் தாண்டி, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ இருக்கிறவன். எனக்கு விவரம் தெரிஞ்ச காலத்துல ஆடியில புதுத்தண்ணி வரும். ஐப்பசி, கார்த்திகையில கரை தொட்டுப் போகும். தை, மாசியில நூலா இறங்கிடும். சித்திரை, வைகாசியில ஆத்துல மணல்தான்.

ஆனா அந்த மணல் வெறும் மணல் இல்ல. முழங்கை ஆழம் கையால தோண்டினாப் போதும், ஊத்துக் கண் தொறக்கும். முதல் தண்ணி கலங்கலா வரும், அதை இறைச்சுக் கொட்டிட்டு ஒரு வெத்தலை போடுற நேரம் காத்திருக்கணும். அப்புறம் வர்ற தண்ணியில அடி மணலை எண்ணலாம். அம்மா செரட்டையில மொண்டு மொண்டு குடத்துல ஊத்தும். ஆறு மேல ஓடலைன்னாலும் அடியில ஓடுச்சு. "வற்றாத ஆறு"ங்கிற பேச்சுக்கு எங்க ஊர்ல அர்த்தம் அதுதான்.

மண்ணும்கல்லும் எழுதியது:

கீழ்மடை ஐயா சொல்வதை நிலவியலும் அப்படியே ஆமோதிக்கிறது. நொய்யல் வடிநிலம் சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். அதில் பெருமழை வாங்குவது மேற்கு ஓரத்தில் உள்ள மலைச்சரிவு மட்டுமே. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மழையைக் கொட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் இறங்குகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்கு வருவது ஆடிக்காற்றும் சாரலும். கோவை நகரத்துக்கு ஆண்டுச் சராசரி 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மழை. கிழக்கே போகப் போக நிலம் இன்னும் வறண்டது.

ஆக, ஆற்றுக்கு இரண்டு வரவு: ஆடியில் மலை மழை, ஐப்பசியில் சமவெளி மழை. நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. கூடவே சரிவையும் கவனியுங்கள். கோவை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 410 மீட்டர். திருப்பூர் கிட்டத்தட்ட 300. தண்ணீர் வந்த வேகத்தில் ஓடிப்போய்விடும் நிலம் இது. அடியில் இருப்பதோ கெட்டிப் பாறை. தஞ்சாவூர் மாதிரி வண்டல் அடுக்கு கிடையாது. மேலே சில மீட்டர் சிதைந்த பாறை, அதற்குக் கீழே வெடிப்புகள். நிலத்தடி நீர் தங்கக்கூடிய இடம் அவ்வளவுதான். இந்தப் பகுதிக் கிணறுகளெல்லாம் அகலமான திறந்த கிணறுகளாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

இப்படிப்பட்ட நிலத்தில் ஆறு வருசம் முழுக்க ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அந்த ஆற்றைப் புரிந்துகொள்ளாததால் வருவது. வருகிற தண்ணீரை நிறுத்தி வைக்கிறோமா என்பதுதான் கேள்வி.

புதுவரவு எழுதியது:

ஒரு சந்தேகம். சிறுவாணித் தண்ணீரும் நொய்யலும் ஒன்றுதானே? அணை கட்டித் தண்ணீரைக் குடிக்க எடுத்துவிட்டதால்தான் நொய்யல் வற்றியது என்று கேள்விப்பட்டேன்.

ஆலாந்துறைக்காரன் எழுதியது:

இல்லைங்க, இது நிறையப் பேருக்கு இருக்கிற குழப்பம். சிறுவாணி ஆறு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி பவானியில சேருது. அணை இருக்கிறதும் கேரளாவுல, பாலக்காடு மாவட்டத்துல. நொய்யலுக்கும் அதுக்கும் நடுவுல மலை முகடு இருக்கு. கோவைக் குற்றாலம்னு நாம போய்க் குளிக்கிற அருவி இந்தப் பக்கத்துச் சரிவு. அதைச் சிறுவாணி அருவின்னும் சொல்றதால வர்ற குழப்பம் இது. அந்தத் தண்ணி நொய்யலுக்குத்தான் வருது. இங்க பெரியாறு, சின்னாறுன்னு ரெண்டு ஓடை கூடுற இடத்துக்குக் கூடுதுறைன்னே பேரு. அங்கிருந்துதான் ஆறுங்கிற உருவமே வரும்.

குளத்தேரி எழுதியது:

இந்த இழையை ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மண்ணும்கல்லும் கடைசியில் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த ஆற்றிலேயே இருக்கிறது. நொய்யலில் பழைய அணைக்கட்டுகள் 32. அவற்றிலிருந்து வாய்க்கால் போய் நிரம்பும் குளங்கள் 40-ஐ ஒட்டி. பல அணைக்கட்டுகள் கொங்குச் சோழர் காலத்தவை என்று சொல்வார்கள்.

அணைக்கட்டு என்றதும் மேட்டூர் மாதிரி எதையும் மனதில் கொண்டுவர வேண்டாம். ஆளுயரம் கூட இல்லாத கல்லுக்கட்டு. தண்ணீரைத் தேக்குவது அதன் வேலை இல்லை. வாய்க்கால் தலைமடை மட்டத்துக்கு நீரை ஏற்றிவிடுவதுதான் வேலை. மீதி, கட்டின் மேலேயே வழிந்து அடுத்த ஊருக்குப் போய்விடும். மேலூர்க்காரன் கீழூர்க்காரனை முழுக்க மறித்துவிட முடியாது. கட்டின் உயரமே அதைத் தீர்மானித்துவிடுகிறது.

சித்திரைச்சாவடி வாய்க்கால் வடகரையில் பிரிகிறது. கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன்குளம் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வருகிறது. (இந்தப் "பதி" வரிசையைச் சின்ன வயதில் பாட்டு மாதிரி ஒப்பிப்போம்.) தென்கரையில் குனியமுத்தூர் வாய்க்கால், பேரூர்ப் பெரியகுளம் பக்கத்துக் குளங்களுக்கு. இன்னும் கீழே வந்தால் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் வடகரையில். குறிச்சிக்குளம், வெள்ளலூர்க்குளம் தென்கரையில். பிறகு சிங்காநல்லூர், இருகூர், சூலூர், சாமளாபுரம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு குளம் நிரம்பினால், மிச்சம் வழியும் கலங்கல் வழியே உபரித் தண்ணீர் அடுத்ததுக்கு. கடைசியில் எஞ்சியது மறுபடி ஆற்றுக்கே.

பழைய மடை ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? குளத்துக்குள் இரண்டு கல்தூண். குறுக்கே பலகைக்கல், அதன் நடுவில் வட்ட ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு நீளக் கம்பு இறங்கும். கம்பின் நுனியில் இருக்கும் மரக்கட்டை, தரைமட்டத்தில் இருக்கும் குழியை அடைத்துக்கொள்ளும். கம்பை ஒரு முழம் தூக்கினால் ஒரு முழத்துக்கான தண்ணீர். எங்கள் குளத்தேரியில், அதாவது குளத்துக் கரையில், காலையில் நடக்கும்போது அப்படி ஒரு மடைத்தூணைத் தினமும் கடக்கிறேன். பலகைக்கல்லின் ஓட்டை விளிம்பு கம்பு உரசி உரசிக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறது. எத்தனை தலைமுறைக் கை அது. இன்று அந்தத் தூணில் குப்பைப் பை மாட்டித் தொங்குகிறது.

ஜீவநதி வேண்டாம் ஆலாந்துறைக்காரரே. இந்தச் சங்கிலி திரும்பி வந்தால் போதும். இந்த ஆறு தன் தண்ணீரைக் குளங்களில் வைத்துக்கொண்ட ஆறு.

ஆலாந்துறைக்காரன் எழுதியது:

குளத்தேரி, நீங்க சொல்றது மனசுல நிக்குது. ஆனா ஒரு கேள்வி. எல்லாத் தண்ணியையும் குளத்துக்குத் திருப்பிட்டா ஆத்துக்கு என்ன மிஞ்சும்?

கீழ்மடை எழுதியது:

தம்பி, அதுக்கு நான் பதில் சொல்றேன். குளம் நெறஞ்சிருந்த காலத்துலதான் ஆத்துலயும் ஊத்து இருந்துச்சு. குளத்துத் தண்ணி தரையில எறங்கி, கெணத்துக்கு வந்து, கெணத்துலருந்து மெதுவாக் கசிஞ்சு ஆத்து மணலுக்கு வரும். மாசியில நாங்க தோண்டுன ஊத்து, ஐப்பசியில எந்தக் குளத்துலயோ நெறஞ்ச தண்ணிதான். இதை எங்க அப்பாரு சொல்லிக் கேட்டிருக்கேன். மண்ணும்கல்லும் தம்பி தப்புன்னா திருத்தட்டும்.

மண்ணும்கல்லும் எழுதியது:

திருத்த ஒன்றுமே இல்லை ஐயா. இதைவிடத் தெளிவாக நான் எழுதியிருக்க மாட்டேன். குளம் நிரம்பினால் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயரும். அது ஆற்றுப்படுகையின் மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை ஆறு தண்ணீரை வாங்கிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணறுகள் வந்து நீர்மட்டம் படுகைக்குக் கீழே போனதும் திசை மாறிவிட்டது. இப்போது ஆறு ஓடினால் அதைத் தரை உறிஞ்சுகிறது. இதோடு மணலையும் அள்ளிவிட்டால், நீரைப் பிடித்து வைக்கும் பஞ்சே போய்விடுகிறது.

கல்வெட்டுப்பிரியை எழுதியது:

பேச்சு நீரியலுக்குள் போய்விட்டது, மகிழ்ச்சி. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். இந்த ஆற்றின் பழைய பெயரை இன்னும் யாரும் சொல்லவில்லையே! காஞ்சி. பேரூர்க்காரர்கள் இன்றும் காஞ்சிமாநதி என்றுதான் சொல்வார்கள்.

சுந்தரர் தில்லையில் பாடும்போது பேரூரை நினைத்து "மீகொங்கில் அணி காஞ்சிவாய்ப் பேரூர்" என்கிறார். மேல்கொங்கில், காஞ்சியின் கரையில் இருக்கும் பேரூர். இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பதிற்றுப்பத்தின் 48-ஆம் பாட்டில் பரணர் "காஞ்சியம் பெருந்துறை மணலினும் பலவே" என்று வாழ்த்துகிறார். அந்தத் துறையின் மணலைவிட அதிக நாள் வாழ்க என்று. கீழ்மடை ஐயா மணலைப் பற்றி எழுதியதும் எனக்கு இந்த வரிதான் நினைவுக்கு வந்தது. இந்த ஆற்றை ஒருவர் வாழ்த்த நினைத்தால், தண்ணீரைவிட மணல்தான் முதலில் வாயில் வருகிறது.

குளத்தேரி எழுதியது:

பரணர் சொல்வது ஆறுதானா? காஞ்சி என்றால் மரமும் உண்டே. காஞ்சி மரங்கள் நிறைந்த துறை என்றும் எடுக்கலாம் அல்லவா?

கல்வெட்டுப்பிரியை எழுதியது:

எடுக்கலாம், அப்படிப் பொருள் கொள்கிறவர்களும் உண்டு. மரத்தால் துறைக்குப் பெயர் வந்து, துறையால் ஆற்றுக்கு வந்திருக்கவும் இடமுண்டு. பாடப்பட்டவன் சேரன் என்பதால் நான் அதை நொய்யலாகவே படிக்கிறேன். சுந்தரர் வரியில் அந்த ஐயமே எழாது.

சேரர் என்றதும் கொடுமணலுக்கு வந்துவிட வேண்டும். ஈரோடு மாவட்டம், நொய்யலின் வடகரை. இன்று சின்ன ஊர். பதிற்றுப்பத்தில் இரண்டு இடத்தில் வரும் "கொடுமணம்" இதுதான். 74-ஆம் பாட்டில் அரிசில்கிழார் "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்கிறார். வேலைப்பாடு மிக்க அரிய அணிகலன்கள். வெறும் கவிதை என்று யாரும் நினைத்திருந்தால், 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தொடங்கிய அகழாய்வு பதில் சொல்லிவிட்டது. மணிகள் செய்யும் பட்டறைகள், அறுத்த சங்குகள், இரும்பையும் எஃகையும் உருக்கிய உலைகள், ஈமச்சின்னங்கள், மணிக்கற்கள் பதித்த வெண்கலப் புலி ஒன்று.

மண்ணும்கல்லும் சொன்ன அதே கெட்டிப் பாறைதான் இந்தத் தொழிலுக்கு மூலதனம். பச்சைக்கல் படியூரில், நீலக்கல் சிவன்மலையில், இரும்புத்தாது சென்னிமலைப் பக்கத்தில். எல்லாம் நடந்து போகும் தூரம். சூதுபவளம் என்கிற சிவப்பு மணிக்கல் வடக்கே குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கரூருக்குப் போகும் பெருவழி இந்த ஆற்றை ஒட்டித்தான் வந்தது. வெள்ளலூரில் 19-ஆம் நூற்றாண்டில் குடம் குடமாக ரோமானியக் காசுகள் கிடைத்ததற்கு வேறு என்ன காரணம்?

எனக்கு மிகவும் பிடித்தவை பானை ஓடுகள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. சுட்ட பானையின் மேல் கூரான ஏதோ ஒன்றால் கீறியிருக்கிறார்கள். தமிழி, அதாவது பழந்தமிழ் எழுத்து. ஒன்றில் "கண்ணன் ஆதன்". இன்னொன்றில் "விஸாகி". வேறொன்றில் வணிகக் குழுவைக் குறிக்கும் "நிகம". கீறும்போது கை வழுக்கியதும், ஒரு கோடு தேவைக்கு மேல் நீண்டுவிட்டதும் அப்படியே தெரியும். அரசன் வெட்டுவித்த சாசனம் இல்லை அது. தன் பானை தனக்கு என்று ஒருவர் பெயர் எழுதி வைத்தது.

நொய்யல்முகம் எழுதியது:

நான் கடைசி ஊர்க்காரன். ஆறு காவேரியில் சேரும் ஊரின் பெயரே நொய்யல்தான். ஈரோட்டிலிருந்து கரூர் ரயிலில் வந்தால் கொடுமுடி தாண்டி ஆற்றுப்பாலம் வரும். காஞ்சி என்ற பெயர் போய், முகத்துவாரத்து ஊரின் பெயரே முழு ஆற்றுக்கும் நிலைத்துவிட்டது என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். நொய் என்றால் குருணை. இங்கே ஆற்று மணலும் குருணை மாதிரிதான், பொடிப் பொடியாக இருக்கும். கல்வெட்டுப்பிரியை மேடம் இதைப் படித்தால் என்ன சொல்வீர்களோ, எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

காவேரி அகலமாகப் போகும் இடத்தில் பக்கவாட்டிலிருந்து இது வந்து சேரும். இரண்டு தண்ணீரும் உடனே கலந்துவிடாது. கொஞ்ச தூரம் தனித்தனிக் கோடாகப் போகும். சின்ன வயதில் அந்தக் கோட்டில் காலை வைத்து ஒரு பக்கம் குளிர்ச்சி, ஒரு பக்கம் வெதுவெதுப்பு என்று விளையாடுவோம். பிறகு ஒரு காலம் வந்தது, அந்தக் கோடு நிறத்தால் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் ஊதா. அப்போது யாரும் கால் வைக்கவில்லை.

கீழ்மடை எழுதியது:

அந்தக் கதையை எழுதத்தான் வேணும். நான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

ஒரத்துப்பாளையம் அணை 1992-ல வந்துச்சு. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல பாசனம்னு திட்டம். அணை கட்டினப்போ எங்க ஊரே போய்ப் பார்த்துட்டு வந்துச்சு. இனி மானாவாரி இல்ல, வாய்க்காத் தண்ணின்னு. அஞ்சாறு வருசம் கூட ஆகலீங்க. திருப்பூர்ல பனியன் தொழில் வளர வளர, சாயப்பட்டறைத் தண்ணி பூரா அணையில வந்து நின்னுச்சு. தண்ணி வேணும்னு அணை கேட்ட நாங்களே "ஐயா, தொறந்து விடாதீங்க"ன்னு மனு குடுத்தோம். ஒரு விவசாயி வாயில அந்த வார்த்தை வர்றதுக்கு என்ன பாடு பட்டிருக்கணும்னு நெனச்சுப் பாருங்க.

எங்க கெணறு ஆத்துலருந்து ரெண்டு காடு தள்ளி இருக்கு. தண்ணி பார்வைக்குத் தெளிவாத்தான் இருந்துச்சு. வாயில வச்சா உப்புக் கரிச்சது. பாத்தியில பாய்ச்சிக் காஞ்சா, வெள்ளையாப் பொருக்கு நிக்கும். செருப்புக் காலால மிதிச்சா நொறுங்கும். மஞ்சள் போச்சு, வாழை போச்சு. தென்னை சாகல, ஆனா காய் சிறுத்து, எளநியே உப்பா இருந்துச்சு. எருமையைத் தொட்டியில விட்டா மூக்கை வச்சு மோந்து பார்த்துட்டுத் தலையைத் தூக்கிக்கும். வாயில்லாச் சீவன், அதுக்குத் தெரியுது. அந்த எருமையை வித்த அன்னைக்கு எங்க வீட்ல யாரும் சாப்பிடல.

சாயவேலை எழுதியது:

ஐயா, உங்க பதிவைப் படிச்சுட்டு எழுதலாமா வேண்டாமான்னு ஒரு நாள் பூரா யோசிச்சேன். நான் சாயப்பட்டறையில இருபது வருசமா வேலை பார்க்கிறவன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றதுதான் நியாயம்.

பஞ்சுத்துணியில சாயம் பிடிக்கிறதுக்கு உப்புப் போடணும். சாயமும் துணியும் தண்ணியில ஒண்ணையொண்ணு தள்ளும். உப்புத்தான் சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளி ஒட்ட வைக்கும். அடர்த்தியான கறுப்பு, நீலம்னா ஒரு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலயும் போவோம். சாயம் பாதிக்கு மேல துணியோட போயிடும். உப்பு அத்தனையும் கழிவுத்தண்ணியில வெளிய வரும். பழைய சுத்திகரிப்பு முறையில சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுத்தாங்க. பார்க்கத் தெளிஞ்சிடும். கரைஞ்ச உப்பு அப்படியே இருக்கும். நீங்க சொன்ன "தெளிவாத்தான் இருந்துச்சு, கரிச்சது" இதுதான் ஐயா. கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு விதி இருந்தும் நடக்கல.

ஆத்துப் பாசன ஆயக்கட்டு விவசாயிகள் போட்ட வழக்குல 2006-ல உயர் நீதிமன்றம் கெடு வச்சுது, ஒரு சொட்டும் ஆத்துல விடக் கூடாதுன்னு. 2009-ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லுச்சு. 2011 ஜனவரி 28-ல 700-க்கு மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு. அன்னைக்கு எங்க தெருவுல நெறையப் பேர் ஊருக்கு மூட்டை கட்டினாங்க. கஷ்டம்தான். ஆனா அந்த உத்தரவு இல்லாம எதுவும் மாறியிருக்காது, அதை நானே சொல்றேன்.

இப்போ சவ்வு வழியாத் தண்ணியைப் பிரிச்சு மறுபடி சாயத்துக்கே எடுக்கறோம். மிஞ்சின உப்புக்கரைசலைக் காய்ச்சி உப்பை எடுக்கறோம். ஒரு பங்கு திரும்பப் பயன்படும். கலப்பு உப்பு மட்டும் மூட்டை மூட்டையா நிக்குது, அதுக்கு இன்னும் நல்ல வழி வரல. மழை ராத்திரியில திருட்டுத்தனமாத் தொறந்து விடுறவன் இப்பவும் இருக்கான். அவனை நாங்க பிடிச்சுக் குடுக்கணும்.

கீழ்மடை எழுதியது:

தம்பி, நீங்க எழுதினது பெருசு. உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. எங்க ஊர்ப் பசங்களும் பாதிப் பேர் திருப்பூர்லதான் பொழைக்கிறாங்க.

மண்ணும்கல்லும் எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். கெட்டிப் பாறை நிலத்தில் உப்பு இறங்கிவிட்டால் வெளியேறுவதற்கு வழி மிகக் குறைவு. மேலே வெளியேற்றம் நின்றாலும், வெடிப்புகளில் இருப்பது நல்ல மழை பல வருசம் இறங்கி நீர்த்தால்தான் குறையும். அதனால் திருப்பூருக்குக் கீழே இருக்கும் குளங்களில் நல்ல தண்ணீர் நிற்பது பாசனத்துக்காக மட்டும் இல்லை, மருந்தாகவும் வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பவானியின் உபரிநீரை 1,045 குளம், குட்டைகளுக்குக் கொண்டு வருகிறது. கௌசிகா, நல்லாறு இரண்டும் நொய்யலின் துணையாறுகள்; அந்தப் பக்கத்துக் குட்டைகள் நிரம்பினால் நொய்யலுக்கும் கசிவு வரும். நல்லாற்றில் இருக்கும் நஞ்சராயன்குளம் அதே மாதம் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வந்தது. பெரிய நகரத்தின் விளிம்பில் ஒரு குளம் இன்னும் பறவைகளுக்கு இடம் கொடுக்கிறது.

குளத்தேரி எழுதியது:

குளம் என்றதும் என் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 2013 கோடையில் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வார ஊரே இறங்கியது. அப்போது நானும் மண் சுமந்தேன். இப்போது எங்கள் குளத்தைச் சுற்றி நடைபாதை, விளக்கு, கைப்பிடிச் சுவர் எல்லாம் இருக்கிறது. மாலையில் குழந்தைகள் வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் கரைச் சரிவுக்குக் கான்கிரீட் போட்டபோது, நாணல் நிற்கும் ஓரம் போய்விட்டது. குளத்துக்கு வரும் வாய்க்காலை யாரும் தொடவில்லை. நல்ல தண்ணீர் வரும் வழி வீடுகளுக்கு நடுவே ஒரு முழ அகலச் சாக்கடை. சாக்கடைதான் குளத்தை நிரப்புகிறது. மழை நாளில் நல்ல தண்ணீர் ஆற்றோடு போய்விடுகிறது. கரைக்குச் செலவழித்ததில் ஒரு பங்கைத் தலைமடையிலிருந்து வாய்க்காலைத் தேடிக்கொண்டு வருவதற்குச் செலவழித்திருக்கலாம்.

ஆலாந்துறைக்காரன் எழுதியது:

குளத்தேரி, நீங்க எழுதினதைப் படிச்சுட்டு இன்னிக்குக் காலையில நாங்க நாலு பேர் மம்பட்டி எடுத்துக்கிட்டுப் பக்கத்து வாய்க்காலோட நடந்தோம். மூணு இடத்துல மூங்கில் தூரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து அடைச்சுக் கெடந்துச்சு. ஒரு இடத்துல தென்னந்தோப்புக்காரரே வந்து கூட நின்னு இழுத்தார். அடைப்பு எடுத்ததும் தண்ணி சட்டுனு போகல. மொதல்ல நொரையும் சருகும் சுத்திச்சு. அப்புறம் ஒரு விரக்கடை எறங்கி, ஒரே இழுப்புல போச்சு. அதுக்குப் பின்னாடியே நாங்களும் ஓடினோம், சின்னப் பசங்க மாதிரி. உச்சிவேளைக்குக் குட்டையோட வாய்ல செந்தண்ணி எறங்குச்சு. காஞ்சு வெடிச்ச சேத்துக்குள்ள அது போன சத்தம் இருக்கே, ஒரு சலசலப்பு, கூடவே மண்ணு காத்தை விடுற குமிழிச் சத்தம். படம் எடுக்கவே மறந்துட்டேன்.

ஜீவநதின்னு நான் தலைப்புல கேட்ட கேள்வியை அப்படியே விட்டு வைக்கிறேன். புதுசா வர்றவங்க மொதல்ல அதைப் படிச்சுட்டு, அப்புறம் கீழ்மடை ஐயா பதிலைப் படிக்கட்டும்.

நொய்யல்முகம் எழுதியது:

நீங்கள் மேலே பார்த்த வெள்ளம் இங்கே இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன். கோடு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கீழ்மடை எழுதியது:

எங்க ஊருக்கு நேத்து ராத்திரி வந்துடுச்சு. பாதி எங்க பக்கத்து மழைத் தண்ணிதான்னு நெனைக்கிறேன், ஆனாலும் வந்துடுச்சு. விடியக்காலம் மகன் புதுசா வாங்கின கன்னெருமையை ஓட்டிக்கிட்டு ஆத்துக்குப் போனேன். முன்னங்காலை வச்சுது, மோந்து பார்த்துச்சு. நான் கயித்தை இழுக்கல. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு, குனிஞ்சு குடிச்சது.

நொய்யல்முகம் எழுதியது:

ஐயா, இங்கேயும் வந்துவிட்டது. செம்மண் நிறம்.